சாமி மாறிப் போன பிறகு

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



போன மாதம் எங்கள் பங்குப் பேரவைக் கூட்டம் நடந்தது. கோவிலுக்குப் பின்னால் ஒரு மண்டபம் கட்டலாமா என்பதுதான் பேச்சு. சேமிப்பில் கொஞ்சம் பணம் இருக்கிறது. வரைபடம் கூட வந்துவிட்டது. எல்லாரும் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தபோது, பல வருடங்களாகக் கோவில் மணி அடித்துவரும் பெரியவர் ஒருவர் எழுந்தார். "சாமி, மே மாசம் உங்களுக்கு மாற்றல் வரும்னு பேசிக்கிறாங்க. மண்டபம் இங்கேயே இருக்கும். நீங்க இருக்க மாட்டீங்க. அப்புறம் அன்பியம், மறைக்கல்வி, வடநாட்டுப் பசங்க செபக் கூட்டம், இதெல்லாம் யார் பாக்கிறது?" என்றார்.

"அடுத்து வர்ற சாமி பார்ப்பார் ஐயா" என்று சொல்லிவிட்டேன். கூட்டம் முடிந்தது. ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இதே பதிலை இதற்கு முன் நான் பணியாற்றிய ஒரு பங்கிலும் சொல்லியிருக்கிறேன். அங்கே எல்லாவற்றையும் நானே செய்தேன். செபக் கூட்டத்துக்கு நானே போனேன், கணக்கை நானே எழுதினேன், சண்டையை நானே தீர்த்தேன். சுறுசுறுப்பான சாமி என்று பெயரும் வாங்கினேன். மாற்றலாகி இரண்டு வருடம் கழித்து ஒரு திருமணத்துக்காக அங்கே போனபோது, பதினொரு அன்பியங்களில் இரண்டுதான் மிச்சம் இருந்தன. எனக்குப் பின் வந்த சாமி மேல் குறை இல்லை. யாரையும் நான் பழக்கவில்லை, அவ்வளவுதான்.

மோசேக்கு இந்தக் கவலை இருந்தது. எண்ணிக்கை நூல் 27ஆம் அதிகாரத்தை வீட்டில் எடுத்து வாசித்துப் பாருங்கள். நீ அந்த நாட்டைப் பார்ப்பாய், ஆனால் உள்ளே போகமாட்டாய் என்று ஆண்டவர் சொல்லிவிட்டார். மோசே தனக்காக அழவில்லை. இந்த மக்கள் மேய்ப்பன் இல்லாத ஆடுகளாகிவிடக் கூடாது, இவர்களை நடத்த ஒருவரை ஏற்படுத்தும் என்றுதான் கேட்டார். யோசுவாவின் மேல் கை வைத்தது எல்லா மக்களின் கண் முன்னால். அது முக்கியம். இவர்தான் அடுத்தவர் என்று மக்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

நம் தமிழ் மண்ணின் திருச்சபை வரலாற்றில் இந்தக் கேள்வி எத்தனையோ முறை வந்திருக்கிறது. பூந்தமல்லி குருமடத்தில் மாணவனாக இருந்தபோது அதையெல்லாம் தேர்வுக்காகப் படித்தேன். அந்த இரவு தூக்கம் வராமல்தான் மறுபடி நினைத்துப் பார்த்தேன்.

1542இல் புனித பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். கடற்கரை ஊர்கள் பல, குரு அவர் ஒருவர். தமிழும் தெரியாது. செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, மனப்பாடம் பண்ணி, கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். இது நமக்கெல்லாம் தெரிந்த கதை. தெரியாத பகுதி அடுத்தது. ஒவ்வொரு ஊரைவிட்டுப் போகும்போதும் அந்தச் செபங்களின் எழுத்துப் படி ஒன்றை அங்கே விட்டுச் சென்றார். கணக்கப்பிள்ளை என்ற பெயரில் ஊருக்கு ஒருவரை நியமித்தார். ஞாயிறன்று மக்களைக் கூட்டிச் செபம் சொல்ல வைப்பது, சாகக்கிடக்கும் குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுப்பது, கல்யாணத்துக்குத் தடை ஏதும் உண்டா என்று பார்ப்பது இவர் வேலை. இவர்களுக்குச் சம்பளம் வேண்டுமே? போர்த்துக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென்று ஆண்டுதோறும் இந்தக் கரையிலிருந்து போய்க்கொண்டிருந்த 4,000 பணத்தை அவர் இதற்காகக் கேட்டு வாங்கினார். காலணிப் பணத்தில் வேதியர் சம்பளம்! எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஆள் தயாரிக்க நிதி வேண்டும் என்பதை வெட்கப்படாமல் கேட்ட புனிதர் அவர்.

சவேரியார் அந்தக் கரையில் தங்கியது சுமார் இரண்டு ஆண்டுகள்தான். அந்தக் கரை இன்றும் கத்தோலிக்கக் கரையாக இருக்கிறது.

பிறகு உள்நாட்டில் மதுரை மறைபரப்புத் தளம் வளர்ந்தது. 1606இல் தத்துவ போதகர் எனப்பட்ட நொபிலி மதுரைக்கு வந்ததிலிருந்து, 1693இல் ஓரியூரில் புனித அருளானந்தர் வெட்டுண்டு இறந்த நாள்வரை, பிறகும் கூட, குருக்கள் எப்போதும் கைவிரல் விட்டு எண்ணும் அளவுதான். ஒரு குரு ஓர் ஊருக்கு வருடம் ஒரு தடவை வந்தால் பெரிது. மற்ற நாட்களில் அந்த ஊருக்குத் திருச்சபை என்றால் உபதேசியார்தான். அவரையே வேதியர் என்றும் சொல்வார்கள்.

இவர்களுக்காகவே வீரமாமுனிவர் ஒரு நூல் எழுதினார். 'வேதியர் ஒழுக்கம்' என்பது அதன் பெயர், ஆண்டு 1727. முனிவர் என்றதும் நமக்குத் 'தேம்பாவணி' ஞாபகம் வரும், 'பரமார்த்த குரு கதை' ஞாபகம் வரும், பள்ளிப் பிள்ளைகளுக்குச் 'சதுரகராதி' ஞாபகம் வரும். அவ்வளவு பெரிய புலவர், காப்பியம் பாடிய கையோடு, கிராமத்து உபதேசியார் எப்படி நடக்க வேண்டும், எப்படிச் செபிக்க வேண்டும், எப்படிப் போதிக்க வேண்டும் என்று உரைநடையில் உட்கார்ந்து எழுதினார் என்பது சாதாரணமா? புலவர்கள் மெச்சப் போகிற நூல் அல்ல அது. ஊர் ஊராக அலைந்த அந்த மனிதருக்கு, தான் இல்லாத நாட்களில் ஊரில் என்ன நடக்கிறது என்பது தெரிந்திருந்தது.

அந்தத் தயாரிப்புக்கு வேலை வந்தது 1759இல். போர்த்துக்கல் அரசு தன் ஆட்சிக்குட்பட்ட இடங்களிலிருந்து இயேசு சபையினரை வெளியேற்றியது. மதுரைத் தளத்துக்குப் புதிய குருக்கள் வரும் வழி அடைபட்டது. அடுத்து 1773 ஜூலை 21. திருத்தந்தை பதினான்காம் கிளமெண்ட் இயேசு சபையையே கலைத்தார். இங்கே எஞ்சியிருந்த குருக்கள் பணியைத் தொடர்ந்தார்கள். ஆனால் அவர்களுக்கும் வயதானது. ஒருவர் பின் ஒருவராகக் கண் மூடினார்கள். கோவாவிலிருந்து வந்த குருக்களும், 1776இல் புதுச்சேரியில் பொறுப்பேற்ற பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபைக் குருக்களும் தங்களால் ஆனதைச் செய்தார்கள். 1789இல் பிரான்சில் புரட்சி வெடித்ததும் அங்கிருந்து வருவதும் குறைந்துபோனது.

போதாதற்கு இங்கே போர். 1780 செப்டம்பரில் ஐதர் அலி, திப்பு சுல்தான் படைகள் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையைத் தோற்கடித்த புள்ளலூர் நம் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. இந்தச் சீமை முழுவதும் குதிரைப்படையின் காலடியில் மிதிபட்டது. ஊர்கள் காலியாயின, பஞ்சம் வந்தது. அந்தக் காலத்தில் ஒரு கிராமத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தின் நிலையை நினைத்துப் பாருங்கள். பாவசங்கீர்த்தனத்துக்கு ஆள் இல்லை, நற்கருணை இல்லை, சாகும் நேரத்தில் அவஸ்தைப்பூசுதல் இல்லை. இருந்ததெல்லாம் செபமாலை, மனப்பாடமான மந்திரங்கள், பிள்ளை பிறந்தால் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கத் தெரிந்த ஓர் உபதேசியார்.

1814இல் இயேசு சபை மீண்டும் நிறுவப்பட்டது. 1838இல் பிரெஞ்சு இயேசு சபையினர் மதுரைத் தளத்துக்குள் திரும்ப வந்தார்கள். கலைக்கப்பட்டு 65 வருடம். மூன்று தலைமுறை. காய்ச்சலும் வாந்திபேதியும் வந்து, வந்தவர்களில் பலர் சில ஆண்டுகளுக்குள்ளேயே இறந்துபோனார்கள். ஆனால் அவர்கள் வெறும் காட்டுக்குள் வரவில்லை. காத்திருந்த கிறிஸ்தவ ஊர்களுக்குள் வந்தார்கள்.

இலங்கையில் இதைவிடக் கடுமையாக நடந்தது. 1658இல் டச்சுக்காரர்கள் யாழ்ப்பாணத்தைப் பிடித்து, குருக்களை எல்லாம் துரத்தி, குருவுக்கு இடம் கொடுப்போருக்கு மரண தண்டனை என்று அறிவித்தார்கள். 1687இல் கோவாவைச் சேர்ந்த யோசேப்பு வாஸ் அடிகளார் தூத்துக்குடியிலிருந்து படகேறிப் பிச்சைக்காரக் கோலத்தில் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தார். கழுத்தில் ஒரு செபமாலை. வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போகும்போது அந்த மாலையைப் பார்த்து யார் முகம் மாறுகிறது என்று கவனித்தார். 29 வருடமாக ஒரு குருவையும் பார்க்காதவர்கள் அந்த மாலையை அடையாளம் கண்டார்கள். சில்லாலை ஊர் அவரை ஒளித்து வைத்தது.

அவர் செய்த இரண்டு காரியங்களை நான் சொல்ல வேண்டும். இலங்கைக்குப் போவதற்கு முன்பே கோவாவில் குருக்களின் குழு ஒன்றுக்கு ஒழுங்கும் உருவமும் கொடுத்துவிட்டுத்தான் புறப்பட்டார். தனக்குப் பின்னால் வர ஆட்கள் வேண்டும் என்று. அவர்கள் வந்தார்கள். அவர்களில் யாக்கோமே கொன்சால்வெஸ் என்ற குரு சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் எழுதிக் குவித்தார். இரண்டாவது, போன ஊரிலெல்லாம் மூப்பர், அண்ணாவி என்று பொறுப்பாளர்களை நிறுத்தினார். செபம் சொல்லித்தருவது அண்ணாவியார், கோவில் காரியம் பார்ப்பது மூப்பர். 1711 ஜனவரி 16 அன்று கண்டியில் அவர் இறந்தபோது டச்சு ஆட்சிக்கு இன்னும் 85 வருடம் பாக்கி இருந்தது. அத்தனை வருடமும் திருச்சபை அழியவில்லை, பெருகியது. ஆங்கிலேயர் வந்து 1806இல் தடைகளை நீக்கியபோது, நாங்கள் இங்கேதான் இருக்கிறோம் என்று மக்கள் வெளியே வந்தார்கள். 2015 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்ததை உங்களில் பலர் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள்.

ஒரு கசப்பான விஷயத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஊர்ப் பெரியவர்களும் உபதேசியார்களும் கட்டிக் காத்தது விசுவாசத்தை மட்டுமல்ல. கோவிலுக்குள் சாதிக்கொரு இடம், கல்லறையில் சாதிக்கொரு மூலை, இவற்றையும் பத்திரமாகக் காத்தார்கள். யாரைப் பொறுப்பாளராக்க வேண்டும் என்று தேடியவர்கள் ஊரில் ஏற்கெனவே பெரிய மனிதராக இருந்தவரையே பெரும்பாலும் தேடினார்கள். பெண்கள் பெயர் எங்கேயும் இல்லை. அதனால் தயாரிப்பு என்ற சொல்லைக் கேட்டதும் நான் கொஞ்சம் எச்சரிக்கையாகிவிடுவேன். யாரைத் தயார் செய்யவில்லை என்பதையும் கேட்க வேண்டும்.

அதை ஓரளவுக்குக் கேட்டவர் புதுச்சேரி ஆயர் கிளமெண்ட் போனாந்து. 1844 ஜனவரியிலும் பிப்ரவரியிலும் அவர் தம் குருக்களை எல்லாம் புதுச்சேரிக்கு வரவழைத்து ஒரு மாமன்றம் நடத்தினார். மையக் கேள்வி எளிமையானது. பிரான்சிலிருந்து இனி ஒரு கப்பலும் வரவில்லை என்றால் இந்தத் திருச்சபை நிற்குமா? 1773க்குப் பின் நடந்ததை மறக்க முடியுமா? ஆகவே உள்ளூர்ப் பிள்ளைகளைக் குருக்களாக்க வேண்டும், குருமடத்தையும் பள்ளிகளையும் சீர்செய்ய வேண்டும், பெண் பிள்ளைகளுக்கும் கல்வி வேண்டும் என்று முடிவுகள் வந்தன. எழுதப் படிக்கத் தெரிந்த பெண் என்றாலே ஊர் ஒரு மாதிரி பார்த்த காலம் அது. அதே வருடம் டுபுய் என்ற குரு, பெண் கல்விக்கென்றே தமிழ்ப் பெண்களைக் கொண்டு மரியன்னையின் திரு இருதயப் பெயரில் ஒரு கன்னியர் சபையைத் தொடங்கினார். மாமன்றச் செய்தி உரோமைக்கும் போனது. மறுவருடமே, உள்நாட்டுக் குருக்களையும் ஆயர்களையும் உருவாக்குங்கள் என்று உரோமையிலிருந்து எல்லா மறைபரப்பு நாடுகளுக்கும் கட்டளை வந்தது.

ஆயர் போனாந்து 1861இல், உரோமையின் ஆணைப்படி இந்திய மறைத்தளங்களைப் பார்வையிடப் போன வழியில், காசியில் இறந்துபோனார். அவர் விதைத்தது முளைக்க நேரமானது. 1923இல்தான் தூத்துக்குடிக்குத் திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை, நம் காலத்தின் முதல் இலத்தீன் ரீதி இந்திய ஆயராக வந்தார். கணக்குப் போட்டால் மாமன்றத்துக்கு 79 வருடம் பின்னால். மண்டபம் என்றால் ஒன்பது மாதத்தில் எழும்பிவிடும்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் அடிக்கல் நாட்டியபோது இங்கே சுற்றிலும் ஏரியும் வயலும்தான். 2006இல் நோக்கியா வந்தது, 2010இல் ஒரகடத்தில் ரெனோ நிசான், 2012இல் டெய்ம்லர். நோக்கியா தொழிற்சாலை 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியது. ஆயிரக்கணக்கான இளம் குடும்பங்கள் வாடகை வீட்டைக் காலி செய்துகொண்டு போயின. நம் பங்குகளுக்குப் போர் வேண்டாம், புரட்சி வேண்டாம். ஒரு கம்பெனி ஆர்டர் குறைந்தால் போதும், ஓர் அன்பியமே லாரி ஏறிப் போய்விடும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து கோவில் கதவைப் பூட்டினோமே, அப்போது என்ன ஆனது? வீட்டில் செபமாலை சொல்ல ஒரு தாயோ தாத்தாவோ இருந்த குடும்பங்கள் தாங்கிக்கொண்டன. தகரக் கொட்டகையில் எட்டுப் பேராகத் தங்கியிருந்த பையன்களை நாங்கள் தேடிப் போகவே தாமதமானது. அவர்கள் பெயர் எங்கள் பதிவேட்டில் இல்லை.

அந்தப் பையன்கள் யார்? ஜார்கண்ட், சத்தீஸ்கர், ஒடிசா என்று பல இடங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களில் நிறையப் பேர் உராவோன், முண்டா, கரியா இனத்துக் கத்தோலிக்கர். 1885இல் பெல்ஜியம் நாட்டு இயேசு சபைக் குரு கான்ஸ்டன்ட் லீவென்ஸ் சோட்டாநாக்பூருக்குப் போனார். நிலத்தை இழந்துகொண்டிருந்த பழங்குடி மக்களுக்காகக் கச்சேரியில் வழக்காட உதவினார். ஏழே வருடம். காசநோய் பிடித்து 1892இல் ஊர் திரும்பி, மறுவருடம் 37 வயதில் இறந்தார். அந்த ஏழு வருடத்தில் பல்லாயிரக்கணக்கானோர் மறையைத் தழுவினார்கள். ஒருவரால் முடிகிற காரியமா? ஊர் ஊராக அவர் உபதேசியார்களை நிறுத்தியதால் முடிந்தது. ஆக, நம் கோவிலின் கடைசி வரிசையில், தமிழ் புரியாமல் கைகட்டி நிற்கிறானே ஒரு பையன், அவன் பாட்டனின் பாட்டனுக்கு விசுவாசத்தைக் கொடுத்தவர் பெரும்பாலும் ஓர் உபதேசியார்தான். அந்த மரபு அவன் இரத்தத்தில் இருக்கிறது. நாம்தான் அவனிடம் நாற்காலி எடுத்துப் போடச் சொல்கிறோம்.

பெண் பிள்ளைகளையும் சொல்ல வேண்டும். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதி திறந்தார்கள். ஒரு பேரூரே அது. இந்தப் பகுதி விடுதிகளில் தங்கியிருக்கும் நம் பிள்ளைகளுக்கு ஞாயிறு என்பது ஷிப்டைப் பொறுத்தது. அவர்கள் கோவிலுக்கு வர முடியவில்லை என்றால், அறைத் தோழிகள் நாலு பேரைக் கூட்டி வாசகத்தை வாசித்துச் செபிக்க அங்கேயே ஒருத்தி வேண்டும். குருவோ கன்னியரோ எல்லா அறைக்கும் போக முடியாது.

ஆகவே மறு வாரம் பேரவையை மீண்டும் கூட்டினேன். என் பதில் தவறு என்று அந்தப் பெரியவரிடம் சொன்னேன். விவாதம் சூடாகத்தான் நடந்தது. மழைக்காலத்தில் மறைக்கல்விப் பிள்ளைகள் எங்கே உட்காருவார்கள் என்று ஓர் ஆசிரியை கேட்டது நியாயம். அதனால் மண்டபத்தைக் கைவிடவில்லை, சிறியதாக்கினோம், பெரிய கூரைக்குப் பதில் தகரக் கூரை. மிச்சப் பணத்தை மூன்று மாதப் பயிற்சிக்கு ஒதுக்கினோம். அன்பியத்துக்கு இருவர், அதில் ஒருவர் கட்டாயம் பெண். இந்தியும் சாத்ரியும் பேசுகிறவர்களில் நால்வர். விடுதிகளில் இருந்து வர முடிகிறவர்கள். இதுவரை எந்தப் பொறுப்பிலும் இல்லாதவர்களுக்கே முதலிடம். ஒரு பேரவை உறுப்பினர் இதில் கோபித்துக்கொண்டார், இன்னும் பேசவில்லை. என்ன கற்றுக்கொடுப்போம் என்றால், வாசகத்தை வாசித்து விளக்குவது, சாவு வீட்டில் செபம் நடத்துவது, ஆபத்து நேரத்தில் திருமுழுக்குக் கொடுப்பது, புதிதாகக் குடிவந்தவரைத் தேடிப் போய்ப் பெயர் எழுதுவது, ரசீதோடு கணக்கு வைப்பது. கடைசி மாதம் முழுக்க நான் பின் வரிசையில் உட்காருவேன், அவர்கள் நடத்துவார்கள். எனக்கு அதுதான் கஷ்டமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

கூட்டம் முடிந்ததும் மணி அடிக்கும் பெரியவர் என்னிடம் வந்து, சிம்டேகாவிலிருந்து வந்த ஒரு பையனை இரண்டு மாதமாகவே மணி அடிக்கப் பழக்கிவருவதாகச் சொன்னார். என்னிடம் கேட்கவே இல்லை. பொதுக்கூட்டத்தில் கேள்வி கேட்பதற்கு முன்பே அவர் தன் வேலையை முடித்திருக்கிறார்.

பயிற்சி வரும் ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்தவுடன் ஆரம்பம். ஒரு நோட்டும் பேனாவும் கொண்டு வாருங்கள். இரவு ஷிப்ட் முடித்து நேராக வருகிறவர்களுக்கு டீயும் பன்னும் இருக்கும். இன்னும் பெயர் கொடுக்காதவர்கள் என்னிடமோ, மணிக்கூண்டுக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் அந்தப் பெரியவரிடமோ கொடுக்கலாம்.